எந்தப் பாதி வருடம் சும்மா இருக்கிறார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நகரம் ஒன்றில் தீயணைப்பு வீரர்களுக்கும் போலீசாருக்கும் சம்பளம் உயர்த்துவது பற்றி நகர மன்றத்தில் நடந்த விவாதத்தை வைத்து, சென்ற இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். படித்தேன். ஊர் மக்களே மைக் முன்னால் வந்து நின்று, "இவர்களுக்குக் கொடுங்கள்", "வரி ஏறிவிடும், வேண்டாம்" என்று பேசியதையெல்லாம் விவரமாக எழுதியிருந்தார் கட்டுரையாளர். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கடைசிப் பத்தியில் நம் பக்கம் திரும்பி ஒரு வரி எழுதினாரே, அதுதான் மனதைப் புண்படுத்திவிட்டது. "நம் மலை ஊர்களில் தீயணைப்பு வீரர்களுக்கு வருடத்தில் பாதி நாள் வேலையே இருப்பதில்லை."

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் கணவர் தீயணைப்புத் துறையில் சேர்ந்து, பணிக்காலத்தில் பெரும்பகுதியை இந்த நீலகிரியிலேயே கழித்து ஓய்வு பெற்றவர். பணியில் இருப்பவர்கள் பத்திரிகைக்கு எழுத முடியாது, நடத்தை விதிகள் இருக்கின்றன என்பது தங்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் பதிலாக யார் எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

பாதி வருடம் என்றால் எந்தப் பாதி? ஜூனில் தென்மேற்குப் பருவக் காற்று தொடங்கினால் கூடலூர், குந்தா, ஊட்டி என்று மேற்கு முழுக்க மரம் விழுந்துகொண்டே இருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதைத் தங்கள் பத்திரிகையே முதல் பக்கத்தில் போட்டது. அது ஓய்ந்தால் அக்டோபரில் வடகிழக்கு மழை. அப்போது குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரியும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் கருகிப்போகும். அப்புறம் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு பீடித் துண்டு போதும், மலைச்சரிவே பிடித்துக்கொள்ளும். அது முடிவதற்குள் சுற்றுலா சீசன் வந்துவிடும். இதில் எந்த மாதம் இவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்?

2009 நவம்பரில் நடந்த நிலச்சரிவுகளைத் தங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஒரே வாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனார்கள். பாதையே அறுந்துபோன இடங்களுக்கு ஜேசிபி எப்படிப் போகும்? மண்வெட்டியால் ஓங்கி வெட்டவும் முடியாது. உள்ளே ஆள் இருந்தால் அவர் மேலேயே பட்டுவிடும். அதனால் கையால்தான் அள்ளினார்கள். என் கணவர் வீட்டுக்கு வந்தபோது பத்து விரலிலும் நகக்கண்ணெல்லாம் செம்மண் ஏறி, வீங்கிப்போய், டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் காபியை ஆற்றி வாயில் வைத்தேன். குடித்துவிட்டு, வேறு சட்டை இருக்கிறதா என்று கேட்டார். மறுபடி கிளம்பிவிட்டார்.

சட்டை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் இங்கே காக்கித்துணி காயாது. இரவில் கரி அடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து, அதில் சீருடையைப் போட்டுப் புரட்டிப் புரட்டிக் காயவைப்பேன். குடியிருப்பில் கூரை ஒழுகும், சுவரில் பூஞ்சணம் ஏறும். பிள்ளைகளுக்கு மாறி மாறி இளைப்பு. கூரையைச் சரிசெய்யச் சொல்லி நாங்கள் எழுதிக் கொடுத்த மனுக்களுக்குப் பதில் வந்ததே இல்லை. கடைசியில் என் சேமிப்பில் தகரம் வாங்கிப் போட்டோம்.

சம்பளத்துக்கு வருகிறேன். சீருடைப் பணியாளர் தேர்வாணையம் ஒரே தேர்வு வைத்துத்தான் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூவரையும் எடுக்கிறது. மூவருக்கும் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாய்தான். மலைப்படி, குளிர்காலப் படி என்று சேருவது உண்மை. ஆனால் சீசன் ஊரில் வாடகை என்ன, கீழேயிருந்து ஏறிவரும் காய்கறி, கேஸ், மருந்தெல்லாம் என்ன விலை என்பது மலையில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பல வருடம் என் சம்பளம்தான் அதிகம். நான் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்து பாடம் நடத்தினேன். அவர் கயிற்றில் தொங்கிப் பள்ளத்தாக்கில் இறங்கினார். அந்தக் கணக்கு எனக்கு என்றைக்கும் உறுத்தலாகவே இருந்தது.

போலீசாரையும் நான் மறந்துவிடவில்லை. என் அண்ணன் மகன் காவலர். ஏப்ரல், மே வந்தால் அவனைக் கொண்டை ஊசி வளைவில் காலையிலேயே காவலுக்கு நிறுத்திவிடுவார்கள். சிறுநீர் கழிக்க ஒதுங்கக்கூட இடம் கிடையாது. நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற நுழைவு அனுமதி வந்த பிறகு, வண்டியில் வருகிறவர்களின் கோபமெல்லாம் சாலையில் நிற்கும் இந்தப் பையன்கள் மேல்தான் விழுகிறது. பாஸ் இல்லாமல் வந்தவர் ஒருவர், "என் வரிப் பணத்தில்தானே சம்பளம் வாங்குகிறாய்" என்று அவனைக் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது அவன் குரல் உடைந்தது.

நம் ஊர் மன்றங்களும் அமெரிக்காவைப் போல இந்தச் சம்பளங்களை விவாதிக்க வேண்டும் என்று கட்டுரையாளர் முடிக்கிறார். விவாதித்து என்ன ஆகும்? அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று சொன்ன 18 பணிகளில் தீயணைப்பும் ஒன்று. மும்பையில் தீயணைப்புப் படை இன்றும் மாநகராட்சியிடம்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது மாநில அரசின் துறை, காவல் துறையும் அப்படியே. இரண்டுக்கும் சம்பளம் சென்னையில்தான் முடிவாகிறது. நகராட்சித் தீர்மானத்தால் ஒரு ரூபாய் கூட ஏறாது. 2023 ஜூலை முதல் நகராட்சி உறுப்பினர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் என்று வந்ததும் மாநில அரசு கொடுத்ததுதான். வார்டு வேலைக்கு அலைகிறவர்களுக்கு அது நியாயம், நான் குறை சொல்லவில்லை. இந்த விவரமெல்லாம் தங்கள் அலுவலகத்தில் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் அந்தக் கட்டுரை அப்படியே அச்சாகிவிட்டதே என்பதுதான் என் வருத்தம்.

நகராட்சிகளின் கையில் இருப்பதைப் பேசியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். தண்ணீர் அவர்கள் கையில். சந்து அவர்கள் கையில். கட்டட அனுமதியும் அவர்கள் கையில். சில வருடங்களுக்கு முன் கடைவீதியில் ஒரு கடை எரிந்தது. மறுநாள் தங்கள் பத்திரிகையில் "தாமதமாக வந்த தீயணைப்பு வண்டி" என்று தலைப்பு. வண்டி அழைப்பு வந்த கையோடு கிளம்பிவிட்டது. சந்து முனையில் இரண்டு பக்கமும் கார்களை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். வண்டி நுழைய வழியில்லை. ஹோஸைத் தோளில் சுமந்துகொண்டு படிக்கட்டு வழியாக ஏறினார்கள். ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் தண்ணீரின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறைந்துவிடும் என்று என் கணவர் சொல்வார். கீழே பம்ப் முழு வேகத்தில் ஓடினாலும் மேலே போகப் போகத் தண்ணீர் வலுவிழந்துவிடும். வண்டித் தண்ணீர் தீர்ந்து, பக்கத்தில் நிரப்பிக்கொள்ளக் குழாய் இல்லாமல், வெகுதூரம் போய் வந்தார்கள். இது ஒன்றும் அந்தச் செய்தியில் இல்லை. என் கணவர் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கே நான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். பணியில் இருக்கிறேன், வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

2021 டிசம்பர் 8ஆம் தேதி குன்னூர் பக்கம் நஞ்சப்பச்சத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்ததே, அங்கேயும் வண்டி இறங்கப் பாதை இல்லை. ஊர்க்காரர்கள் குடத்தில் தண்ணீரும் போர்வையுமாக ஓடினார்கள். அந்த மக்களை நாடே பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். அவர்களோடு எரியும் இடத்தில் நின்ற தீயணைப்பாளர்களின் பெயர் தங்கள் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2024 மார்ச்சில் குன்னூர் பாரஸ்ட்டேல் பக்கம் காடு எரிந்தபோதும் இதே கதைதான். விமானப்படை ஹெலிகாப்டர் ரேலியா அணையில் தண்ணீர் மொண்டு ஊற்றிய படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் புகைக்குள் பச்சைத் தழையை வைத்துக்கொண்டு அடித்து அணைத்த வனத்துறை ஆட்களையும் தீயணைப்பாளர்களையும் யாரும் படம் எடுக்கவில்லை. என் கணவரோடு வேலை பார்த்த ஒரு பையன் இருமிக்கொண்டே வீட்டுக்கு வந்தான், கண்ணெல்லாம் ரத்தச் சிவப்பு. கேட்டால், "ஒண்ணும் இல்லக்கா, தூங்கினா சரியாயிடும்" என்றான்.

1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து 66 தீயணைப்பாளர்கள் இறந்த ஏப்ரல் 14ஆம் தேதியைத்தான் நாடு முழுவதும் நீத்தார் நினைவு நாளாக நடத்துகிறார்கள். எங்கள் ஸ்டேஷனிலும் மலர் வளையம் வைத்து மரியாதை செலுத்துவார்கள். நான் போன வருடங்களில் ஒரு நிருபரைக்கூட அங்கே பார்த்ததில்லை. அன்றைக்கு இதழில் சித்திரை வருடப்பிறப்பு ராசிபலன்தான் முழுப் பக்கம்.

நான் தங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு வரி தவறு என்று அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். மலை நகராட்சிகள் ஒவ்வொரு கடைவீதிக்கும் தீயணைப்பு வண்டிக்குத் தண்ணீர் நிரப்ப ஒரு குழாயும், சந்து முனையில் வண்டி நிறுத்தத் தடையும் வைக்க வேண்டும் என்று தாங்கள் எழுதினால் மன்றத்தில் கேட்பார்கள், ஒரு வாசகி எழுதினால் கேட்கமாட்டார்கள். முடிந்தால் தங்கள் நிருபரை இங்குள்ள ஏதாவது ஒரு ஸ்டேஷனுக்கு அனுப்பி, அழைப்புப் பதிவேட்டை மேலதிகாரியின் அனுமதியோடு பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரை பார்க்கட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தீயணைப்பாளர் ஒருவரின் மனைவி,
நீலகிரி மாவட்டம்.