கூறைத் தலைப்பைத் தோய்க்க வேண்டாம், அம்மா

லண்டன்
2025 நவம்பர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அம்மம்மாவும் தம்பியும் சுகமாக இருக்க வற்றாப்பளை அம்மன் துணை. தினமும் வட்ஸ்அப்பில் கதைக்கிற பிள்ளை ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். ஃபோனில் இந்தக் கதையைத் தொடங்கினால் நீங்கள் "சாப்பிட்டியா?" என்று கேட்டு வேறு பக்கம் திருப்பிவிடுவீர்கள். அதுதான் எழுதுகிறேன்.

பெரியம்மா கேட்டாவாம், உடுப்பைப் பற்றிப் படிக்கவா இவ்வளவு காசு கட்டிப் போனவள் என்று. அவவுக்கு இதைச் சொல்லுங்கள். சிம்மல் என்று ஒரு ஜெர்மன்காரர் 1904இல் ஃபாஷனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மேலே இருக்கிறவர்கள் உடுத்துவதைக் கீழே இருக்கிறவர்கள் பார்த்து உடுத்துவார்களாம். எல்லாரும் உடுத்தியதும் மேலே இருக்கிறவர்கள் அதை விட்டுப் புதிதுக்குப் போய்விடுவார்களாம். வகுப்பில் இதை இரண்டு கிழமை படித்தோம். எனக்குச் சிரிப்பு. வற்றாப்பளைப் பொங்கலுக்குக் கனடாவில் இருந்து வந்த அக்காமார் முழங்கைவரை கை வைத்த பிளவுஸ் போட்டுக்கொண்டு நின்றதும், அடுத்த வருசம் புதுக்குடியிருப்பு முழுக்க அதையே உங்களிடம் தைக்கக் கொடுத்ததும் ஞாபகமா? அப்போது நீங்கள் மெசினில் இருந்தபடியே சொன்னீர்கள்: "இவை தைச்சு முடியிறதுக்குள்ள அவை வேறயொண்டுக்கு மாறியிருப்பினம்." சிம்மல் பக்கம் பக்கமாக எழுதியது இவ்வளவுதான்.

இங்கே உடுப்பு பார்க்க ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் நூதனசாலையில் 2015இல் அலெக்சாண்டர் மக்வீன் என்ற வடிவமைப்பாளருக்கு வைத்த கண்காட்சியை 4 லட்சத்து 90 ஆயிரம் பேருக்கு மேல் பார்த்தார்களாம். கடைசி நாட்களில் இரவிரவாகவும் திறந்து வைத்தார்கள். அப்படிப்பட்ட இடங்களில் வெளிச்சம் மிகக் குறைவு. துணிக்கு 50 லக்ஸுக்கு மேல் கூடாது என்பது வழக்கம், இல்லாவிட்டால் சாயம் போய்விடும். நம் வீட்டுக் கொடியில் மத்தியான வெயிலில் காய்கிற சட்டைகளை இவர்கள் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார்கள்.

அதே நூதனசாலை இந்த வருசம் மே மாதக் கடைசியில் கிழக்கு லண்டனில் தன் களஞ்சியத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டது. இரண்டரை லட்சத்துக்கு மேல் பொருட்கள் இருக்கின்றன. முன்கூட்டிப் பதிந்தால் ஐந்து பொருள்வரை எடுத்துக் காட்டுவார்கள், காசு கிடையாது. நான் 18ஆம் நூற்றாண்டுப் பூத்துணியில் தைத்த ஒரு கவுனைக் கேட்டேன். துணி சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயம் ஏற்றியது. அந்தச் சிவப்பு சாயவேரில் இருந்து வருவது. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணலைக் கிண்டி எடுத்த வேர் அது! இந்தத் துணி பெண்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனதால் லண்டன் நெசவாளர் பிழைப்புக் கெட்டு, 1719இல் தெருவில் போன பெண்களின் சட்டைகளைக் கிழித்தார்கள். 1721இல் அதை உடுத்துவதற்கே தடைச்சட்டம் வந்தது. 1774இல்தான் எடுத்தார்கள்.

ஆனால் நான் குனிந்து நின்று பார்த்தது பூக்களை இல்லை. இடுப்புப் பக்கம் ஒரு தையலைப் பிரித்து அரை அங்குலம் தள்ளித் திரும்பத் தைத்திருந்தார்கள். பழைய ஊசித் துளைகள் எறும்பு ஊர்ந்த மாதிரி வரிசையாகக் கிடந்தன. உடம்பு வைத்திருக்கும், அல்லது தமக்கையின் கவுன் தங்கைக்கு வந்திருக்கும். நீங்கள் பார்த்தால் சொல்லியிருப்பீர்கள். பிரித்துத் தைத்தவளின் பேரை யாரும் எழுதி வைக்கவில்லை.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். போன மாதம் வகுப்பில் ஆளுக்கொரு குடும்ப உடுப்பைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஒருத்தி பாட்டியின் கல்யாணக் கவுன், இன்னொருவன் தாத்தாவின் கோட். நான் வெறுங்கையோடு போனேன். 2009இல் சண்டைக்குள், பங்கருக்கு வைக்க நீங்கள் சாறிகளை வெட்டி மண்மூட்டை தைத்த கதையைச் சொன்னேன். எனக்கு எட்டு வயது. நீங்கள் மெசின் கையைச் சுற்ற, நான் சிரட்டையால் கடற்கரை மணலை அள்ளிப் போட்டேன். நைலெக்ஸ் வழுக்கும், பருத்தி நனைந்தால் இற்றுப்போகும், பட்டுத்தான் பாரம் தாங்கும் என்று சொல்லிக்கொண்டே தைத்தீர்கள். உங்கள் கல்யாணக் கூறையைக் கடைசியாகத்தான் வெட்டினீர்கள். அதிலும் தலைப்பை மட்டும் வெட்டி இடுப்பில் கட்டிக்கொண்டீர்கள்.

"அது எப்படி ஃபாஷன் ஆகும்?" என்று ஒரு பெடியன் கேட்டான். கோபம் வந்தது, ஆனால் கேள்வி சரிதான். பிறகு அறைக்கு வந்து யோசித்தேன். வாங்கும்போது ஆட்கள் எதை எடுக்கிறார்கள் என்றுதான் நாங்கள் இங்கே படிக்கிறோம். எதை முதலில் வெட்டலாம், எதைக் கடைசிவரை வைத்திருக்கலாம் என்று நீங்கள் அன்று வைத்த வரிசையைப் பற்றி எந்தப் பாடத்திலும் இல்லை. என் ஆய்வுக் கட்டுரையை அதில்தான் எழுதப்போகிறேன். விரிவுரையாளரும் சரி என்றுவிட்டார்.

ஆகவே அந்தத் தலைப்பைத் தோய்க்க வேண்டாம். கறை, உப்பு, எல்லாம் அப்படியே இருக்கட்டும். சொப்பிங் பாக்கில் இருந்து எடுத்துவிடுங்கள், உள்ளே ஈரம் நிற்கும். மடித்தால் மடிப்பில் சரிகை முறியும். துணிக்கடையில் ஒரு மட்டைக் குழாய் கேட்டு வாங்கி, தோய்த்துக் காய்ந்த பழைய வெள்ளை வேட்டித் துண்டை அதில் சுற்றி, அதன்மேல் தலைப்பைத் தளர்வாகச் சுற்றுங்கள். பூச்சி உருண்டை அதில் படக்கூடாது. பார்சலில் அனுப்பவும் வேண்டாம், நான் வந்து பார்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் எடுப்பேன். அதற்குள் எந்தச் சாறிக்குப் பிறகு எது என்று தம்பியிடம் சொல்லி ஒரு கொப்பியில் எழுதுவியுங்கள். பச்சைப் பூப்போட்ட நைலெக்ஸ் முதலாவது என்று நினைக்கிறேன். அதற்கு அடுத்தது அப்பா வவுனியாவில் வாங்கி வந்த நீலமா, இல்லை அம்மம்மாவின் மஞ்சளா?

இப்படிக்கு
உங்கள் மகள்