பேஸ்பால் பையன்களுக்கு ஒரு கொட்டகை வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவை ஒண்டிப்புதூரில் பன்னாட்டு கிரிக்கெட் மைதானம் கட்டப்போவதாக 2024-ல் அறிவிப்பு வந்தபோது எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு வாரம் அதே பேச்சுதான். வரட்டும், எனக்கும் சந்தோசம். ஆனால் நான் எழுத வந்தது அந்த மைதானத்தின் விலையில் ஒரு சிறு துண்டுகூட ஆகாத இன்னொரு விசயத்துக்காக. கோபி பக்கம் மஞ்சள் விவசாயம் பார்க்கிறவன் நான். என் பையன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், வயது 14. பேஸ்பால் ஆடுகிறான், பிட்சர், அதாவது மட்டைக்காரனுக்குப் பந்து வீசுகிறவன்.

இந்த ஆட்டத்துக்கு அவன் வந்தது பி.டி. மாஸ்டரால். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டில் இருந்து பந்தை நேராக ஸ்டம்புக்கு எறிந்ததைப் பார்த்துவிட்டு கையில் கிளவ்வைக் கொடுத்திருக்கிறார். டீமுக்கே கிளவ் ஏழுதான், மட்டைக்காரனுக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சருக்கு முகக்கவசம் ஒன்றே ஒன்று. அதையெல்லாம் பையன்கள் பெரிதாக நினைக்கவில்லை, இருட்டும் வரை ஆடினார்கள். வீட்டுக்கு வந்தால் எங்கள் களத்தில் சுவரைப் பார்த்து எறிவான். தை, மாசியில் மஞ்சள் வேகவைத்துக் காயப்போட்டுவிட்டால் களமும் கிடையாது.

போன வருடம் ஒரு போட்டிக்குப் போனோம். இரண்டு நாளில் மூன்று ஆட்டம், மூன்றிலும் இவனையே வீச வைத்தார்கள். நானும் கைதட்டிக்கொண்டுதான் நின்றேன். திரும்பி வந்த ராத்திரி சோற்றைப் பிசைய இடது கையை நீட்டினான். அவன் அம்மா திட்டிய பிறகுதான் சொல்கிறான், வலது முழங்கை மடங்கவில்லை என்று. ஈரோட்டில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வளர்கிற வயதில் முழங்கையின் உள்பக்கம் எலும்பு இன்னும் முழுசாக ஒட்டியிருக்காது, தசை திரும்பத் திரும்ப அந்த இடத்தைப் பிடித்து இழுத்தால் பிரிந்துகொண்டு வரும், மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது என்றார். அப்புறம் போனில் இருந்த வீடியோவை ஓட்டி ஒவ்வொன்றாக எண்ணினேன். முதல் நாள் மட்டும் 112 பந்து.

அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளின் கையைக் காப்பாற்ற 2014-லேயே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். 13, 14 வயதுப் பையன் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் வீசக்கூடாது. 66-ஐத் தொட்டாலே அடுத்த நான்கு நாள் வீசாமல் இருக்க வேண்டும். 21-ஐத் தொட்டால் ஒரு நாள். இது பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை, ஓரமாக ஒருத்தர் உட்கார்ந்து எண்ணினால் போதும். அந்தப் போட்டியில் ஒருத்தரும் எண்ணவில்லை, நடத்தினவர்களும் சரி, எங்கள் பக்கத்து ஆட்களும் சரி. இப்போது என் மகள் களத்து ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணன் ஒரு பந்து வீசினால் ஒரு புளியங்கொட்டையை இந்தக் கிண்ணத்தில் இருந்து அந்தக் கிண்ணத்துக்கு மாற்றிப் போடுகிறாள். கிண்ணம் காலியானால் ஆட்டம் முடிந்தது, கெஞ்சினாலும் விடமாட்டாள்.

எண்ணுவது ஒன்று. இன்னொன்று மேடு. பிட்சர் நிற்கிற மவுண்ட் 10 அங்குலம் உயரம், உச்சியில் 24 அங்குல நீளத்துக்கு ஒரு ரப்பர் பட்டை, அதற்கு 6 அங்குலம் முன்னால் இருந்து அடிக்கு ஓர் அங்குலமாகச் சரிந்து இறங்கும். பட்டையில் இருந்து, மட்டைக்காரன் பக்கத்தில் தரையில் பதித்திருக்கிற ஹோம் பிளேட்டின் பின்முனைக்கு 60 அடி 6 அங்குலம். சமதரையிலேயே பழகினவன் போட்டியன்று மேட்டில் ஏறினால் முன்கால் ஊன்றுகிற இடமே மாறிப்போகும், பந்து எங்கேயோ போகும், அதைச் சரிக்கட்டக் கையை இன்னும் இழுப்பான். அதனால் தோட்டத்து வேலி ஓரம் நானே ஒரு மேடு போட்டுப் பார்த்தேன். முதலில் கரிசல் மண்ணில் போட்டேன், வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. செம்மண்ணில் போட்டால் இருபது பந்துக்குள் கால் ஊன்றுகிற இடத்தில் குழி விழுந்தது. கடைசியில் புற்றுமண்ணைச் சலித்துச் செம்மண்ணோடு கலந்து, தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் அங்குலமாகத் திமிசுக்கட்டையால் இடித்தேன். அதுதான் நின்றது. ஐப்பசி மழையில் அதுவும் கரைந்துவிட்டது.

இதனால்தான் கூரை உள்ள இடமாகக் கேட்கிறேன். முழு மைதானம் கேட்கவில்லை, ஹோம் பிளேட்டில் இருந்து நேர் எதிர் எல்லை வரைக்கும் 400 அடி அதற்கு இடம் வேண்டும், அது எங்கள் சக்திக்கு மீறினது. 70 அடி நீளம், 14 அடி அகலம், 12 அடி உயரத்தில் சுற்றிலும் வலை கட்டினால் ஒரு பேட்டிங் கேஜ் ஆகிவிடும், அதற்குள்ளேயே 60 அடி 6 அங்குலமும் அடங்கும். இரண்டு கேஜ், இரண்டு மேடு, உடம்பை வலுப்படுத்த ஒரு மூலை, எண்ணி எழுதி வைக்க ஒரு நோட்டு. கோவையில் இருந்து ஈரோடு வரைக்கும் நூல் மில்கள் மூடிக் கிடக்கின்றன, அவற்றின் பஞ்சு குடோன்களில் ஒன்று போதும்.

மற்றதெல்லாம் நம்ம ஊரிலேயே இருக்கிறது. பந்து வீசும் மெசின் என்பது என்ன? மோட்டாரில் சுற்றுகிற இரண்டு ரப்பர் சக்கரம், நடுவில் பந்தைக் கொடுத்தால் கவ்வி எறியும், இரண்டின் வேகத்தையும் மாற்றினால் பந்து வளையும். ஊருக்கெல்லாம் பம்பும் மோட்டாரும் செய்து கொடுக்கிற கணபதி, ஆவாரம்பாளையம் லேத் பட்டறைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கொசுவலைக்குப் பேர்போன கரூரில் தடித்த வலையைக் கேட்டுப் பார்க்கலாம். உடுப்புக்குத் திருப்பூர்.

ஆனால் எது இருந்தாலும் கோச் வேண்டும், கை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த கோச். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் 2008-ல் ஒரு பந்தெறியும் போட்டியில் முதல் இரண்டு இடம் பிடித்து அமெரிக்கா போனார்கள். அதற்கு முன் பேஸ்பால் ஆடியதே இல்லை. டாம் ஹவுஸ் என்கிற முன்னாள் பிட்சரிடம் சில மாதம் பயிற்சி, அதே வருட நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரோடும் ஒப்பந்தம் போட்டது. அவர்களுக்குக் கை ஏற்கெனவே இருந்தது, சொல்லித்தர ஆளும் இடமும் கிடைத்தது. எங்கள் பள்ளி மாஸ்டர் மனசு வைத்துச் சொல்லித்தருகிறார், ஆனால் கபடியும் கோ-கோவும் தடகளமும் அவர் ஒருத்தர் தலையில்தான். கொட்டகையில் நிலையாக ஒரு கோச் இருந்தால் வாரத்தில் இரண்டு நாள் கோபியில் இருந்தும் பவானியில் இருந்தும் பெருந்துறையில் இருந்தும் பிள்ளைகள் பஸ் ஏறி வந்துவிடுவார்கள்.

பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சாப்ட்பாலில் கையைக் கீழே சுழற்றி 43 அடியில் இருந்து வீசுவார்கள், அதே கேஜில் பட்டையை முன்னால் நகர்த்தி வைத்தால் முடிந்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பாலும் சாப்ட்பாலும் திரும்ப வருகின்றன. எங்கள் பிள்ளைகள் அதில் ஆடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. டிவியில் பார்த்துவிட்டு நானும் ஆடுகிறேன் என்று நிறைய குழந்தைகள் கேட்கப்போகிறார்கள், அவர்களை எங்கே அனுப்புவது?

விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தார் படித்தால் நல்லது. மில் வைத்திருப்பவர்கள் யாராவது படித்து, குடோன் சும்மாதான் கிடக்கிறது, பிள்ளைகள் பழகட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால், மேடு போடும் செலவு அவர்களுக்கு வேண்டாம். ஒரு டிராக்டர் புற்றுமண்ணும் திமிசுக்கட்டையும் நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பிட்சரின் அப்பா,
கோபி வட்டம், ஈரோடு மாவட்டம்.