டர்பன்காரர் யாருக்குக் கைதட்ட வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் விளையாட்டுக் கட்டுரையில், தென்னாப்பிரிக்க இந்தியர்கள் தங்கள் நாட்டு அணியை விட்டுவிட்டு இந்தியக் கொடியோடு மைதானத்துக்குப் போவது ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம்’ என்று எழுதியிருந்தது. அதே இதழில் சில பக்கங்கள் தள்ளி, தென்னாப்பிரிக்க அணிக்கு ஆடும் செனுரன் முத்துசாமியின் படத்தைப் போட்டு ‘நம்ம நாகை மைந்தன்’ என்று ஒரு பெட்டிச் செய்தி. இரண்டையும் ஒரே ஆசிரியர் குழுதான் படித்து அச்சுக்கு அனுப்பியதா? டர்பனில் பிறந்தவர் இந்தியாவுக்குக் கைதட்டினால் துரோகி. டர்பனில் பிறந்தவர் இந்தியாவுக்கு எதிராகச் சதம் அடித்தால் நம்ம ஆள். இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

நான் கும்பகோணத்துக்காரன். வேலைக்காக டர்பன் வந்து, இங்கேயே பெண் எடுத்து, இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் குடியிருக்கிறேன். என் மனைவியின் குடும்பம் ஐந்து தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறது. இங்கே கைதட்டலுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. கட்டுரையாளர் அதை விசாரித்ததாகத் தெரியவில்லை.

உண்ட வீடு என்றாரே, அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். கரும்பு வெட்டியது அவர்கள், ஆலை முதலாளி ஆனது வேறு யாரோ. இந்திய, தென்னாப்பிரிக்க அரசுகளின் 1927 உடன்பாட்டின்படி கையில் காசு கொடுத்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பவும் பார்த்தார்கள். இவர்களை இந்நாட்டின் நிரந்தர மக்கள் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டதே 1961இல்தான். என் மாமனார் அதற்கு முன்பே இங்கே பிறந்தவர். பிறந்த ஊரிலேயே அந்நியர் என்று பேர் வாங்கியவரிடம் போய் ‘உன் விசுவாசம் எங்கே’ என்று கேட்டால் என்ன பதில் வரும்?

மாமனாரின் அப்பா நகராட்சித் தொழிலாளி. மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் இருந்தார்கள். அறுபதுகளில் நிறவெறிச் சட்டப்படி அங்கிருந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்களை எல்லாம் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். 1970 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா டர்பனின் கிங்ஸ்மீட் மைதானத்தில் டெஸ்ட் ஆட வந்தபோது மாமனார் போயிருக்கிறார். வெள்ளையர் அல்லாதவர்களுக்குத் தனி அடைப்பு. அந்த டெஸ்டில் பேரி ரிச்சர்ட்ஸ் 140, கிரீம் பொல்லாக் 274. தென்னாப்பிரிக்கா ஒரு இன்னிங்ஸ், 129 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. கிரிக்கெட் தெரிந்தவர்கள் இன்றைக்கும் பேசும் ஆட்டம் அது. மாமனார் உட்கார்ந்திருந்த பகுதி முழுக்க ஆஸ்திரேலியா பக்கம். பொல்லாக்கின் கவர் டிரைவை வர்ணிக்க ஆரம்பித்தால் மாமனார் இன்றும் நாற்காலியை விட்டு எழுந்து கையால் போட்டுக் காட்டுவார். அப்புறம் ஏன் கைதட்டவில்லை என்று கேட்டேன். “நான் எவ்வளவு நல்லா ஆடினாலும் அந்த டீமில் எனக்கு இடம் கிடையாது தம்பி, நான் எதுக்குத் தட்டணும்?” என்றார்.

வெளியூர் அணிக்குக் கைதட்டும் பழக்கம் இந்திய ரத்தத்தால் வந்ததல்ல. ரக்பியில் நியூசிலாந்து வந்தால் நியூசிலாந்து, கிரிக்கெட்டில் ஆஸ்திரேலியா வந்தால் ஆஸ்திரேலியா. கேப் டவுனில் கலப்பினத்தவர் என்று முத்திரை குத்தப்பட்டவர்களும் இதையேதான் செய்தார்கள். அவர்களிடம் யாரும் இந்தியக் கொடியைக் கொடுக்கவில்லையே! இரண்டகம் செய்தது யார் என்பதைக் கட்டுரையாளர் அந்தத் தனி அடைப்பிலிருந்து பார்த்திருக்கலாம்.

இந்தியா மீது மட்டும் கூடுதல் பாசம் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டியில் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு ஆடியிருக்க வேண்டும். சென்னைப் பிள்ளைகளான விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த அணி. கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், நிறவெறி அரசின் அணியோடு ஆட மாட்டோம் என்று இந்திய அரசு விலகிக்கொண்டது. ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குக் கோப்பை போனது. இங்கே இருந்தவர்களுக்கு அது விளையாட்டுச் செய்தியாக மட்டும் தெரியவில்லை. நமக்காக ஒருவன் கோப்பையை விட்டுக்கொடுத்தான் என்றால் அவன் ஊருக்கு வரும்போது வாசலுக்கு ஓடிப்போய் நிற்க மாட்டோமா? 1992 நவம்பரில் இந்திய அணி முதன்முதலாக இங்கே டெஸ்ட் ஆட வந்ததும் அதே கிங்ஸ்மீட்டில்தான். பிரவீன் ஆம்ரே முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தார். எதிரணியில் ஓமர் ஹென்றி என்ற கலப்பினத்தவர், அவருக்கும் அது முதல் டெஸ்ட். மாமனார் இந்தியாவுக்குத்தான் கத்தினார், ஆனால் ஹென்றி பந்து போடும்போதெல்லாம் எழுந்து நின்றாராம்.

இனி மைதானத்துக்கு வெளியே. 2007 டி20 உலகக் கோப்பையில் இந்தியாவிடம் தோற்று தென்னாப்பிரிக்கா வெளியேறியதும் கிங்ஸ்மீட்டில்தான். 126 ரன் எடுத்திருந்தாலே அரையிறுதிக்குப் போயிருக்கலாம், 116தான் வந்தது. அரங்கில் நீலச் சட்டைகள் நிறைய. மறுநாள் அலுவலகத்தில் என் மனைவியிடம் ஒருவர், “உங்க டீம் ஜெயிச்சிடுச்சே, சந்தோஷமா?” என்று கேட்டாராம். இவள் தென்னாப்பிரிக்காவின் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்தவள். அந்தக் கேள்வி இன்னும் அவளுக்கு ஆறவில்லை. 1990இல் பிரிட்டனில் நார்மன் டெபிட் என்ற அரசியல்வாதி, ஆசியக் குடியேறிகள் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதை ஒரு பரீட்சையாகவே வைத்தார். அந்தப் பரீட்சை எப்போதும் ஒரு நிறத்துக்காரர்களுக்குத்தான். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் பிறந்த கெவின் பீட்டர்சன் இங்கிலாந்து அணிக்கே ஆடினார். குவீன்ஸ்டவுனில் பிறந்த டோனி கிரெய்க் இங்கிலாந்துக்குத் தலைமையே தாங்கினார். அதை வைத்து ஆங்கிலேய வம்சாவளியினர் எல்லோரையும் யாராவது சந்தேகப்பட்டார்களா? சனிக்கிழமை மாலையானால் பாதி டர்பன் மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் சட்டையில் திரிகிறது. அதுவும் குற்றமில்லை. நானே ஜோகன்னஸ்பர்க்கின் டி20 அணியான ஜோபர்க் சூப்பர் கிங்ஸ் இங்கே ஆட வந்தால் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு டர்பனுக்கு எதிராக விசில் அடிக்கிறேன். சென்னை முதலாளி வாங்கிய அணி என்பதால் அதற்கு மட்டும் மன்னிப்பு உண்டு போல.

எங்கள் வீட்டில் இன்று நிலைமை என்ன? 2012இல் ஓவலில் ஹாஷிம் ஆம்லா 311 அடித்ததிலிருந்து மாமனார் தென்னாப்பிரிக்கக் கட்சி. டர்பனில் பிறந்த இந்திய வம்சாவளிப் பையன், இந்த நாட்டின் முதல் முச்சதம், வேறென்ன வேண்டும். ஆனால் எதிரே இந்தியா என்றால் மட்டும் பழைய ஆள் திரும்பிவிடுவார். மனைவியும் மகளும் எப்போதும் பச்சை. 2024 டி20 இறுதி ஆட்டத்தில் 30 பந்தில் 30 ரன் வேண்டும் என்ற இடத்திலிருந்து 7 ரன்னில் தோற்றபோது மகள் அழுத அழுகை தெருவுக்கே கேட்டிருக்கும். ஜெயித்தது தாத்தா கட்சி, ஆகவே ஐஸ்கிரீம் தாத்தா செலவு. நான் அன்று இந்தியாவுக்குக் கைதட்டினேன். ரக்பியில் தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்பாக் அணி 2023 உலகக் கோப்பையை 12-11 என்று ஒரு புள்ளியில் தட்டி வந்தபோது கார் ஹாரனை அமுக்கிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினேன். எனக்கு இதில் குழப்பமே இல்லை. வரியை இங்கே கட்டுகிறேன், அம்மா கும்பகோணத்தில் இருக்கிறாள்.

கடைசியாக முத்துசாமி. அவர் டர்பனில் பிறந்து, டர்பனில் படித்து, டர்பனில் ஆடிப் பழகியவர். 2019இல் விசாகப்பட்டினத்தில் அவருடைய முதல் டெஸ்ட் விக்கெட் விராட் கோலி. 2025 நவம்பரில் குவாஹாட்டியில் 109 அடித்தார். அந்த டெஸ்டில் இந்தியா 408 ரன் வித்தியாசத்தில் தோற்றது. இந்த நாட்டுக்காக இந்த நாட்டுப் பையன் ஆடிய ஆட்டம் அது. முன்னோரின் ஊர் நாகப்பட்டினம் என்பது உண்மைதான், அதில் நாகைக்காரர்கள் மகிழ்ந்தால் தப்பில்லை. ஆனால் ‘நம்ம மைந்தன்’ என்று எழுதும்போது, அவர் பச்சைத் தொப்பி போட்டு நிற்பதை ஏதோ தற்காலிக ஏற்பாடு மாதிரி ஆக்கிவிடுகிறீர்கள். இங்கே எங்களைப் பார்த்து ‘உங்க டீம்’ என்று சொன்னவரும் அதைத்தான் செய்தார். அவர் விலக்கி வைத்தார், நீங்கள் அணைத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

2027 உலகக் கோப்பை தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியாவில் நடக்கிறது. உங்கள் நிருபர் டர்பனுக்கு வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிடட்டும், மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் பார்க்கட்டும். ‘நீங்க எந்தக் கட்சி’ என்ற கேள்வியை மட்டும் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

பின்குறிப்பு: கட்டுரையில் கிங்ஸ்மீட் மைதானம் ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பதாக அச்சாகியிருக்கிறது. அது டர்பனில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பது வாண்டரர்ஸ். அடுத்த இதழில் திருத்தம் போடவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்