டயாலிசிஸ் மையங்களில் பரவும் ஹெபடைடிஸ் சி: மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ், ரத்தத்தின் வழியே தொற்றிக் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் நோய்க்கு மாத்திரையை இலவசமாகத் தருகிறீர்கள். பெரும்பாலானோருக்கு 12 வாரம் போதும். 100 பேரில் 95 பேருக்குக் குணமாகிவிடுகிறது. அதற்கு மனதார நன்றி. ஆனால் இந்த நோய் எங்கே தொற்றியது என்று மட்டும் ஏன் யாரும் கேட்பதில்லை?

என் சித்தப்பா டயாலிசிஸுக்குச் சேர்ந்தபோது எடுத்த பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி இல்லை. அதன்பின் வெளியே எங்கும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை, ரத்தமும் ஏற்றவில்லை. இந்த ஆண்டு ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. மையத்தில் யாரும் பதறவில்லை. “டயாலிசிஸ்ல இதெல்லாம் வர்றதுதான் சார்” என்றார்கள். பாசிட்டிவ் நோயாளிகளுக்கான மெஷினில் இடமில்லை, வேறு இடம் பாருங்கள் என்று அன்றே கைவிரித்தார்கள். டயாலிசிஸ் தள்ளிப்போனால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? சித்தி ஒவ்வொரு மையமாகப் போன் போட்டார். “பாசிட்டிவா?” என்று கேட்டதோடு பேச்சு முடிந்துவிடும். கடைசியில் வெளியூரில், இரவு ஷிஃப்டில் இடம் கிடைத்தது. கையில் கட்டோடு விடியற்காலை பஸ்ஸில் நின்றபடி வீடு திரும்புகிறார்.

கையுறை மாற்றாமல் அடுத்த படுக்கைக்குப் போவது, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரினை ஒரே குப்பியிலிருந்து பலருக்கு எடுப்பது, மெஷினைச் சரியாகத் துடைக்காமல் விடுவது: தொற்றும் வழிகள் இவைதான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. காய்ந்த ரத்தத்திலும் இந்த வைரஸ் பல நாள் பிழைத்திருக்கும். ஒரு செவிலியர் தலையில் அத்தனை நோயாளிகளையும் கட்டிவிட்டு அவரை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை.

கேட்பது ஒன்றுதான். சேரும்போது நெகட்டிவாக இருந்தவர் பாசிட்டிவானால், அதை அந்த மையத்தில் ஏற்பட்ட தொற்றாகப் பதிவு செய்து விசாரியுங்கள். அவருக்கு அங்கேயே டயாலிசிஸ் தொடரட்டும்.

எகிப்தைப் பாருங்கள். நத்தைக் காய்ச்சல் என்ற ஒட்டுண்ணிப் புழு நோய்க்கு அரசே போட்ட ஊசிகளால் அங்கே லட்சக்கணக்கானோருக்கு ஹெபடைடிஸ் சி பரவியது. அதே அரசு 2018-19இல் ஏறக்குறைய 5 கோடி பேரை இந்த நோய்க்காகப் பரிசோதித்தது. இங்கே சாதாரணக் காய்ச்சலுக்கும் ஊசி, சத்துக்கு என்று குளுக்கோஸ், படிக்காத வைத்தியர் கையில் பழைய சிரிஞ்ச். யார் தட்டிக்கேட்கிறார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2022இல் நம் நாட்டில் சுமார் 55 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் சி. பலருக்குக் கல்லீரல் சுருங்கும்வரை தெரியவே தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யச் சொல்லவில்லை. டயாலிசிஸ் மையங்கள் உங்கள் கண்ணெதிரே இருக்கின்றன, அங்கிருந்து தொடங்குங்கள். எந்த மையத்தில் புதிதாக எத்தனை பேருக்குத் தொற்றியது என்ற பட்டியலை வரும் ஜூலை 28க்குள் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு டயாலிசிஸ் நோயாளியின் உறவினர்