செல்விக்கு, பேரன் காலைப் பற்றி

தாராவி, மும்பை
ஞாயிறு இரவு

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளையும் மூத்தவளும் புதுப் பேரனும் சுகமாக இருக்க வேண்டும்.

நேற்று போனில் நீ கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "என் காலுதானம்மா பிள்ளைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டு அழுதாய். பின்னால் யாரோ பேசுகிற சத்தமும் கேட்டது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. போனை வைத்த பிறகு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடமும் வாசிக்கக் கொடு.

நீ பிறந்தபோது என்னையும் கேட்டார்கள். பிள்ளை பெற ஊருக்குப் போயிருந்தேன். வலது பாதம் உள்பக்கமாக மடங்கி, உள்ளங்கால் வானத்தைப் பார்த்தபடி பிறந்தாய். வளைபாதம் என்பார்கள். கிரகணத்தன்று வெளியே வந்திருப்பாள் என்றார்கள். வயிற்றோடு இருக்கும்போது காலை மடக்கி உட்கார்ந்திருப்பாள் என்றார்கள். உன் ஆச்சி, என்னைப் பெற்றவள், அவளே "என்னட்டி செஞ்ச?" என்று கேட்டாள். நான் எதுவும் செய்யவில்லை. ஆனால் மனசுக்குள் ஒவ்வொரு நாளாகத் திருப்பித் திருப்பி எண்ணிப் பார்த்தேன், எந்த நாளில் தப்பு செய்தேன் என்று. ஊரில் காட்டிய டாக்டர், எண்ணெய் தேய்த்து நீவிவிடுங்கள், ஒரு வயசு ஆகட்டும், பார்க்கலாம் என்றார். அதை நம்பி இரண்டு மாதம் போய்விட்டது. அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும்.

தாராவிக்குத் திரும்பி வந்ததும், பக்கத்து வீட்டு மராத்திக்கார அக்கா உன் காலைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "ஹாஜி அலிக்குப் போ." தர்காவுக்கு நேர்ந்துகொள்ளச் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் சொன்னது அங்கிருந்த குழந்தைகள் எலும்பு ஆஸ்பத்திரியை.

மாஹிமில் ஸ்லோ வண்டி ஏறி மகாலட்சுமியில் இறங்கி, ரேஸ்கோர்ஸ் பக்கமாக உன்னைத் தோளில் போட்டு நடந்தது நேற்று மாதிரி இருக்கிறது. உள்ளே போனதும் முதலில் காதில் விழுந்தது இரும்புச் சத்தம். காலிப்பர் என்கிற இரும்புச் சட்டத்தைக் காலில் மாட்டிய பிள்ளைகள் தரையில் டக் டக்கென்று நடந்து பழகிக்கொண்டிருந்தார்கள். போலியோ பிள்ளைகள்தான் நிறைய. ரத்னகிரியிலிருந்து ஒருத்தி, குஜராத்திலிருந்து ஒருத்தி, நான் ஒருத்தி. மூன்று பேருக்கும் ஒருவர் பாஷை இன்னொருவருக்குத் தெரியாது. மடியில் இருந்த பிள்ளைகளின் காலைக் காட்டியே பேசிக்கொண்டோம். அன்றைக்குத்தான் முதல்முறையாக நான் தனியாள் இல்லை என்று தோன்றியது.

டாக்டர் உன் பாதத்தை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் மெல்ல அசைத்துப் பார்த்தார். நீ என்ன செய்தாய் என்று என்னைக் கேட்பார், கேட்டால் என்ன சொல்வது என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "ஒவ்வொரு வாரமும் வர முடியுமா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. மாவுக்கட்டு காயும்வரை காத்திருக்கும்போது அங்கே சமூக சேவை பார்த்த ஒரு அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதையும், பிற்பாடு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து உனக்குச் சொல்கிறேன். நீ தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

அந்த இடத்தைத் தொடங்கியது டாக்டர் இல்லை, ஒரு தாய். பேர் ஃபாத்திமா இஸ்மாயில். சுதந்திரப் போராட்டக் குடும்பத்துப் பெண். 1921-ல் பரேலில் காந்தி அந்நியத் துணிகளைக் கொளுத்தினாரே, அது இந்த அம்மாவுடன் பிறந்த உமர் சோபானியின் மில் வளாகத்தில்தான் நடந்தது. அந்த அம்மாவின் சின்ன மகளுக்குப் போலியோ வந்தது. அப்போது போலியோவுக்குத் தடுப்பு மருந்து கிடையாது. ஊசி வந்ததே 1955-ல்தான், சொட்டு மருந்து அதற்கும் பிறகு. பம்பாய் டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அவர் விடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போனார் தெரியுமா? நம் மெட்ராஸுக்கு. அங்கே எலும்பு வைத்தியத்தில் பேர் பெற்ற டாக்டர் எம்.ஜி. கினியிடம். அந்தப் பிள்ளை நடந்தது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் அது அந்த வீட்டுச் சந்தோஷம், அவ்வளவுதான். என் பிள்ளை நடந்துவிட்டாள், மற்ற பிள்ளைகளுக்கு மெட்ராஸ் போக வழி உண்டா என்று அவர் யோசித்தார் பார், அங்கேதான் இந்த ஆஸ்பத்திரி பிறந்தது. 1947-ல், நாடே ரெண்டுபட்டுக் கிடந்த வருஷத்தில், பம்பாயில் போலியோ பிள்ளைகளுக்கு ஒரு சின்ன கிளினிக் தொடங்கினார். அது வளர்ந்து சங்கமாகி, ஹாஜி அலியில் குழந்தைகள் எலும்பு ஆஸ்பத்திரி ஆனது. 1955-ல் மத்திய அரசின் மறுவாழ்வு மருத்துவ நிறுவனமும் ஹாஜி அலியிலேயே வந்தது. 1958-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், பிறகு ராஜ்யசபா உறுப்பினராகவும் இருந்தார். எனக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். தன் பிள்ளைக்குக் கிடைத்தது ஊரான் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்று ஒருத்தி நினைத்ததால்தான் நீ இன்று நடக்கிறாய். கோயிலில் விளக்குப் போடும்போது அவர் பேரையும் சொல்லிக்கொள்வேன்.

இப்போது அந்தப் பழைய கட்டடம் இல்லை. அந்த இடத்தில் 2017-ல் எல்லாக் குழந்தை நோய்களுக்குமாகப் பெரிய ஆஸ்பத்திரி வந்துவிட்டது. இந்தியாவில் இயற்கையாகப் பரவுகிற போலியோ கடைசியாக ஒரு பிள்ளைக்கு வந்தது 2011 ஜனவரியில். 2014-ல் போலியோ இல்லாத நாடு என்று அறிவித்தார்கள். அந்த டக் டக் சத்தத்தைக் கேட்ட என் காதுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று உனக்குச் சொல்லித் தெரிய வேண்டாம். சொட்டு மருந்து நாளில் பால்வாடிக்கு ஒரு பிள்ளை வராவிட்டாலும் வீடு தேடிப் போய் நின்றேனே, அது இதனால்தான்.

அங்கே ஒரு பிசியோதெரபி டீச்சர் சொன்னது இன்னொன்று. எலும்பு வைத்தியத்துக்கு ஆர்த்தோபீடிக்ஸ் என்று பேர் வைத்தது 1741-ல் ஒரு பிரெஞ்சு டாக்டர், நிக்கோலா ஆந்த்ரி. கிரேக்கத்தில் நேராக்குவது, குழந்தை என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து வைத்த பேராம். பெரியவர்களின் மூட்டுவலிக்கு வைத்த பேர் இல்லை, பிள்ளைகளுக்கு வைத்த பேர். கோணலாக வளர்ந்த மரத்தை ஒரு கம்பத்தோடு கயிற்றால் சுற்றிக் கட்டியிருக்கிற படம்தான் அதற்கு அடையாளம். எனக்கு உடனே நம் ஊர் வாழைத் தோட்டம் ஞாபகம் வந்தது. சாய்கிற வாழைக்கு முட்டுக் கொடுக்கும்போது நீ ஏன் சாய்ந்தாய் என்று யாராவது வாழையைக் கேட்கிறோமா?

சரி, உன் காலுக்கு வருகிறேன். அன்றைய முறை வேறு. வாரா வாரம் மாவுக்கட்டு, மாதக்கணக்கில். கட்டுப் போட்டதும் அது சூடாகும், நீ வீறிடுவாய். அப்புறம் கல்லாகிவிடும். பத்து மாதத்தில் ஆபரேஷன். உன் கணுக்காலின் உள்பக்கம் குதிகால்வரை ஓடுகிற தழும்பு அதுதான். அதற்குப் பிறகு இரண்டு பூட்ஸையும் ஒரு இரும்புப் பட்டையில் இணைத்துக் கொடுத்தார்கள். அதைப் போட்டால் உன் குதிகால் சிவந்து தோல் உரிந்துவிடும். அப்பா தோல் பட்டறையிலிருந்து மெல்லிய ஆட்டுத்தோல் கொண்டுவந்து, இரவில் பல்ப் வெளிச்சத்தில் பூட்ஸின் உள்ளே வைத்துத் தைத்தார். தையல் உன் தோலில் உறுத்தக்கூடாது என்று முடிச்சை எல்லாம் வெளிப்பக்கமாகப் போட்டார். அடுத்த தடவை போனபோது டாக்டர் அந்தப் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதைத் தைத்தது யார் என்று கேட்டார். அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்கு வரும்வரை அப்பா பேசவே இல்லை.

ஒன்றரை வயது தாண்டித்தான் தண்ணீர் டிரம்மைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாய்.

உன் பிள்ளைக்கு அவ்வளவு பாடு இருக்காது. இப்போது பொன்செட்டி முறை என்கிறார்கள். ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவில் அயோவாவுக்குப் போன டாக்டர் பொன்செட்டி கண்டுபிடித்தது. பெரிய ஆபரேஷன் இல்லாமல், பாதத்தை விரலால் மெல்லத் திருப்பி, வாரம் ஒரு மாவுக்கட்டு. தொடை வரைக்கும் கட்டுவார்கள். ஐந்தாறு கட்டில் பாதம் திரும்பிவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கடைசியில் குதிகால் தசைநாணில் ஒரு சின்னக் கீறல் இருக்கும், அது மூன்று வாரத்தில் தானாக வளர்ந்துகொள்ளும். நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகளுக்கு மேல் இதிலேயே சரியாகிறது. அவர் இதை 1950-களிலேயே செய்து காட்டியும் பல வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1990-களின் கடைசியில் பெற்றவர்கள்தான் ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பினார்கள். இங்கேயும் பெற்றவர்கள்தான், பார்த்தாயா?

உன் கேள்விக்கு வருகிறேன். ஆயிரம் குழந்தைக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் அடுத்தவருக்கு வரக் கொஞ்சம் வாய்ப்பு கூடும், அது உண்மைதான், மறைக்க மாட்டேன். ஆனால் வாய்ப்பு வேறு, குற்றம் வேறு. நீ எதுவும் செய்யவில்லை. நானும் எதுவும் செய்யவில்லை. இதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள எத்தனையோ வருஷமாகிவிட்டது. உனக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம், இன்றைக்கே விட்டுவிடு. மாமியார் நீவிவிடலாம் என்றால் மரியாதையாகச் சொல், டாக்டர் நீவ வேண்டாம் என்றார் என்று. பேரன் மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார்கள், கோபப்படாதே. ஆனால் ஒரு வாரம்கூடத் தள்ளாதே. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பார்களே, பாதத்துக்கு ஐந்து வயதெல்லாம் ரொம்பத் தாமதம். பிறந்த முதல் வாரங்களில்தான் எலும்பு சொன்னபடி கேட்கும்.

கட்டுப் போட்டு வந்த முதல் இரவு விரல்களைப் பார்த்துக்கொண்டே இரு. பெருவிரல் நகத்தை அழுத்தி விடு. வெளுத்தது உடனே ரோஸாக வர வேண்டும். வராவிட்டால், விரல் நீலம் பாய்ந்தால், விரல் கட்டுக்குள்ளே நழுவிப் போனால், விடியட்டும் என்று காத்திருக்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு. மூத்திரம் படாமல் பார்த்துக்கொள். குளிப்பாட்ட முடியவில்லையே என்று அழாதே, துடைத்துவிட்டால் போதும்.

முக்கியமானது கடைசியில்தான். பாதம் நேராகிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்படும்போதுதான் பிரேஸ் கொடுப்பார்கள், உனக்குக் கொடுத்த மாதிரி பட்டையில் இணைத்த பூட்ஸ். மூன்று மாதம் நாளைக்கு 23 மணி நேரம், அப்புறம் நான்கு வயதுவரை தூங்கும்போது. பிள்ளை அழுகிறானே, இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, விட்டேன். ஒரு மாதம் விட்டதில் உன் கால் திரும்பவும் உள்ளே மடங்க ஆரம்பித்தது. திட்டுவார்கள் என்று பயந்துகொண்டே ஹாஜி அலிக்குப் போனேன். திட்டவில்லை. அட்டையில் புதிதாகத் தேதி போட்டார்கள், மறுபடி முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தார்கள். நீ போகிற இடத்திலும் தேதி போட்டுத் தருகிறார்களா, போகாவிட்டால் கூப்பிட்டுக் கேட்கிறார்களா என்று பார். கட்டடம் பெரிதா சின்னதா என்று பார்க்காதே. கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிகளிலேயே வளைபாதத்துக்கென்று தனியாக இலவச கிளினிக் நடக்கிறது, மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல்.

பதினைந்தாம் தேதி குர்லா வண்டியில் கோயம்புத்தூர் வருகிறேன். இரண்டு மாதம் இருப்பேன். கட்டு மாற்றுகிற நாளெல்லாம் உன்னோடு வருகிறேன், மூத்தவளை மாமியார் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்பா ஆட்டுத்தோல் வாங்கி வைத்துவிட்டார். கண் பார்வை மங்கிவிட்டது, ஆனாலும் வேறு யாரையும் தைக்க விடமாட்டேன் என்கிறார். கட்டு எடுக்கிற அன்றைக்கு ஒரு நூலைப் பிடித்து, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனிவரை அளந்து, நூலை அறுத்து வை. இரண்டு காலையும் தனித்தனியாக அளந்துகொள். உனக்கு வலது கால் செருப்பு எப்போதும் ஒரு சைஸ் சின்னது, ஞாபகம் இருக்கிறதல்லவா.

அன்புடன்,
அம்மா