ஆளில்லாத இரவில் டவர் தூங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரை வட்டாரத்தில் 14 வருடமாக செல்போன் டவர் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். போன மே மாதம் ஒரு பொறியியல் கல்லூரி டவரில் ரெக்டிஃபயர் (ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் கருவி) கோளாறு என்று இரவில் அழைத்தார்கள். சரிசெய்து முடித்தபோது மணி இரண்டு. கோடை விடுமுறை, ஹாஸ்டலில் ஒரு விளக்குகூட இல்லை. கிளம்பும் முன் 5ஜி ரேடியோவுக்கு, அதாவது சிக்னல் அனுப்பி வாங்கும் பெட்டிக்குப் போகும் கேபிளில், மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பார்த்தேன். 9 ஆம்பியர் காட்டியது. 54 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 500 வாட். மூன்று பக்கத்துக்கும் மூன்று ரேடியோ, ஆக ஒன்றரை கிலோவாட். இரவு 11 முதல் காலை 5 வரை 9 யூனிட்! வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட், ஆளில்லாத அந்த வளாகத்தில் 12 இரவுக்குக் காணாது.

4ஜி ரேடியோ, பேச ஆள் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு மில்லிசெகண்டும் சிக்னல் அனுப்பியாக வேண்டும். 5ஜி அப்படியில்லை. சும்மா இருக்கும்போது 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை தலைகாட்டினால் போதும். நடுவில், சிக்னலுக்கு வலுவேற்றும் பவர் ஆம்ப்ளிஃபயரை அணைத்து வைக்கலாம். நடமாட்டமே இல்லையென்றால் 3300 மெகாஹெர்ட்ஸில் ஓடும் அந்த 5ஜி ரேடியோவைத் தூங்கவிட்டு, அழைப்புகளுக்கு 900 அல்லது 1800 அலைவரிசையை மட்டும் விழிப்பில் வைக்கலாம். அந்த 9 யூனிட் முழுவதும் மிச்சமாகாது, ஆனால் பெரும்பகுதி மிச்சமாகும். எல்லாம் மென்பொருள் வேலை; யாரும் டவர் ஏற வேண்டியதில்லை.

வெறும் டைமர் மட்டும் உதவாது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் அதிகாலை மூன்று மணிக்கு வைகைக் கரையில் கால் வைக்க இடமிருக்காது. எல்லார் கையிலும் வீடியோ ஓடும். மென்பொருள்தான் சுமையைப் பார்த்து, பக்கத்து டவர்களையும் கணக்கில் எடுத்து, எதை எப்போது எழுப்புவது என்று முடிவெடுக்க வேண்டும்.

அதிகாரி ஒருவரிடம் இதைச் சொன்னேன். "நெட் வரலைன்னு புகார் வந்தா யார் பதில் சொல்றது?" என்றார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ரேடியோவை அணைக்காமல் விடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பல நிறுவனங்கள் பகிரும் டவரில் மின் கட்டணம் கட்டுவது டவர் நிறுவனம்; ரேடியோவை இயக்குவது செல்போன் சேவை நிறுவனம். அணைக்கக்கூடியவர் கண்ணில் பில் நேராகப் படுவதில்லை.

2012-இல் தொலைத்தொடர்புத் துறை, கிராமப்புற டவர்களில் பாதியை 2015-க்குள் மரபுசாரா மின்சாரத்தின் துணையோடு இயக்கச் சொன்னது. அது மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றிய உத்தரவு. எவ்வளவு வீணாகிறது என்றும் கேட்க வேண்டும். ரேடியோவுக்குத் தனி மீட்டர், இரவில் எத்தனை மணி நேரம் தூங்கியது என்ற கணக்கு, இரண்டையும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டாயமாக்கட்டும்.

முதலில் அந்தக் கல்லூரி டவரிலேயே அடுத்த விடுமுறையில் சோதித்துப் பார்க்கலாம். மீட்டர் போட்டுப் பார்க்க நானே வருகிறேன்.

- டவர் பராமரிப்பு ஊழியர், மதுரை