தோள்பட்டைப் புராணம்

முரளி,

நாலு மாதமாக நான் பதில் போடவில்லை என்று நீ திட்டி அனுப்பிய குரல்பதிவை முழுசாகக் கேட்டேன். நியாயம்தான். இங்கே எல்லோரும் சௌக்கியம், தோக்கியோவில் மழை, அவ்வளவுதான் செய்தி.

விஷயம் என் வலது தோள். இரண்டு வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. கூட வேலை பார்க்கிறவர் பரிதாபப்பட்டு ஷியாட்சு என்ற ஜப்பானியப் பிடித்துவிடும் வைத்தியம் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கூட்டிப்போனார். பெரியவருக்குக் கண் தெரியாது. பிடித்துவிடும் தொழில் இங்கே நூற்றாண்டுகளாகப் பார்வையற்றவர்களின் கையில்தான் இருந்திருக்கிறது. எண்ணெய் கிடையாது, சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை, தரையில் மெத்தையில் படுக்கவைத்தார். தோள் வலி என்று போனவனுக்கு முதலில் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்! அப்புறம் கட்டைவிரலை ஊன்றி, தன் உடம்பின் எடையை மெதுவாக அதன் வழியே இறக்குகிறார், சில விநாடி, எடுக்கிறார், அடுத்த இடம். முரட்டு அழுத்தமே இல்லை. பாதியிலேயே நான் குறட்டை ரயில் விட ஆரம்பித்துவிட்டேன், என்னோடு பதினாலாம் நம்பர் அறையில் இருந்த உனக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஷி என்றால் விரல், அட்சு என்றால் அழுத்தம். இதைப் பரப்பிய தோகுஜிரோ நமிகோஷி, ஏழு வயதில் தன் அம்மாவின் மூட்டு வலிக்குக் கையால் அழுத்திவிட்டுத் தொடங்கியவராம். 1940இல் தோக்கியோவில் பள்ளி வைத்தார். 1954இல் ஜப்பான் வந்த மர்லின் மன்றோவுக்கும் பிடித்துவிட்டிருக்கிறார். சரி, இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய், மேலே படி.

நாலைந்து தடவை போனதில் தோள் இளகியது, தூக்கம் வருகிறது. 'கீ' என்ற உயிராற்றல் உடம்பில் ஓடும் பாதைகள் உண்டு என்று பெரியவர் சொல்வதை நான் முழுக்க நம்பவில்லை, ஆனால் அவரை நம்புகிறேன். ஏனென்றால் தொடுவதற்கு முன்னால் காய்ச்சல் உண்டா, எலும்பு முறிவு உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று துருவித் துருவிக் கேட்டார். என் பிரஷர் மாத்திரையைச் சொன்னதும், "அதை நிறுத்திவிடாதே" என்றார். இத்தனைக்கும் மூன்று வருடம் படித்து, தேசியத் தேர்வு எழுதி உரிமம் வாங்கிய ஆள்.

நீயோ, கட்டைவிரலை அழுத்தினால் சர்க்கரை இறங்கும் என்று எவனோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லைடா. உன் அப்பாவின் காலை எடுத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் இரண்டு பேரும்தானே உட்கார்ந்திருந்தோம்? வலிக்குப் பிடித்துவிட்டுக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரையில் கை வைக்காதே.

திங்கட்கிழமை ரத்தம் கொடு. ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பு. வாயால் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன், கணக்குப் பேப்பரில் 31ஐ 81 ஆக்கியவன் நீ.

சேகர்